மைலோ டப்பாவுக்குள் ஒரு கடிதம்

சுங்கை சிப்புட்
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கத்தான் கை போகிறது. நீ நலமாக இல்லை என்று தெரிந்துகொண்டே அப்படி எழுத மனசு வரவில்லை. வாட்ஸ்அப்பில் போட்டால் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பிவிட்டு வேலையைப் பார்ப்பாய். அதனால்தான் காகிதம். முறுக்கு அனுப்பும் மைலோ டப்பாவுக்குள் மடித்து வைக்கிறேன். எண்ணெய் பட்டிருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் படி.

தீபாவளிக்கு மூன்று நாள் வந்தாய். ஒரு நாள் முழுக்கத் தூங்கினாய், ஒரு நாள் முழுக்கப் போன். மூன்றாம் நாள் மத்தியானம் சோறு தொண்டையில் இறங்குவதற்குள் கிளம்பிவிட்டாய். துவைக்கப் போட்ட உன் காற்சட்டைப் பையில் நெஞ்செரிச்சல் மாத்திரை அட்டை இருந்தது, பத்தில் எட்டு காலி. காரைக் கூட்டினால் இருக்கைக்கு அடியிலிருந்து தூக்கம் வராமல் குடிக்கிற அந்தப் பான டின்கள் உருண்டு வந்தன. ஐந்து. நான் வேவு பார்க்கவில்லை, கூட்டத்தான் செய்தேன்.

வேலையை விடு என்று சொல்ல வரவில்லை, பயப்படாதே. சிங்கப்பூர் டாலர் ஒன்றுக்கு நம் வெள்ளி, ரிங்கிட், மூன்றுக்கு மேல் என்ற கணக்கு எனக்கும் புரியும். இந்த வீட்டுக் கடனை அடைத்ததே அந்தக் கணக்குதான். ஆனால் நாலு மணிக்கு எழுந்து, ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் ஒரு கிலோமீட்டர் பாலத்தைத் தாண்ட ஒரு மணி நேரம் மோட்டார் சைக்கிள் புகையில் நிற்கிறாய். மாதம் 72 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் செய்யக்கூடாது என்று அங்கே சட்டமாம். அதை நீ குறைப்பட்டுக்கொண்டுதான் சொன்னாய்! அந்தக் குறையைத் தீர்க்க ஞாயிற்றுக்கிழமை ஜொகூர் பாருவில் கிராப் டாக்சி ஓட்டுகிறாய். புது ரயில் வந்தால் சிங்கப்பூர் பக்கத்து உட்லண்ட்ஸுக்கு ஐந்தே நிமிடம் என்கிறாய். மிச்சமாகும் நேரத்துக்கும் ஒரு வேலை தேடிக்கொள்வாயோ என்றுதான் எனக்குக் கவலை.

நானும் நாலு மணிக்கு எழுந்தவள்தான். ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்கோடு ரப்பர் மர நிரைக்குள் நுழைவோம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், குளிர்ச்சியில்தான் மரம் நிறைந்து நிற்கும். உளியைப் பட்டையில் வைத்து மெல்லிசாக ஒரு சீவல் எடுக்க வேண்டும். ஆழமாகப் போய் உள்கட்டையைத் தொட்டால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். மேற்பார்க்கும் மண்டோர் வந்து விரலால் தடவிப் பார்த்துத் திட்டுவார். இன்று வெட்டிய மரத்தை நாளை தொடக்கூடாது, ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். மரத்துக்குத்தான் அந்த ஓய்வு. எங்களுக்கு அன்றைக்குப் பக்கத்து நிரை.

உன் அப்பாவும் நானும் ஞாயிற்றுக்கிழமையும் சும்மா இருக்கவில்லை. கம்பத்துக் கிராமத்துப் பக்கம் ஒருவருக்குச் சின்னத் தோட்டம் இருந்தது, பாதிக்குப் பாதி என்று பேசி வெட்டினோம். தினமும் வெட்டுங்கள் என்றார், ஆள் மாற்றி ஆள் வெட்டினோம். முதலில் வாளி வாளியாக வந்தது. அப்புறம் ஒரு நாள் உளியை இழுக்கிறேன், பட்டை காய்ந்த தேங்காய் மட்டை மாதிரி வருகிறது, ஒரு சொட்டு இல்லை. அடுத்த மரமும் அப்படியே. நிமிர்ந்து பார்த்தால் மேலே இலையெல்லாம் பச்சைப் பசேல் என்று இருக்கிறது.

அந்த ஞாயிறுகளில் உனக்கு ஏழு வயது. உன் பள்ளிக்கூடச் செலவுக்குத்தான் போனோம், அது உண்மை. ஆனால் ஏழு வயதில் நீ எப்படிப் பேசுவாய், எதற்குச் சிரிப்பாய் என்று கேட்டால் எனக்கு ஞாபகமில்லை தம்பி. உன் முன்பல் விழுந்தபோது கூரைமேல் எறிந்தது பாட்டி. ஓயாமல் உழைப்பவன்தான் மனிதன் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்ததும் நாங்கள்தான். அதனால் இதை உன்மேல் குற்றமாகச் சொல்லவில்லை.

அப்பாவுக்கு இனிப்பு நீர், அதுதான் நீரிழிவு, இருப்பது காலில் புண் ஆறாதபோதுதான் தெரிந்தது. ஒரு நாளைக்கு ஐந்து தே தாரேக் டீ, கேட்டால் "சோர்வா இருக்கு" என்பார். ஐம்பத்தாறு வயதில் போய்விட்டார். 2023-இல் எடுத்த கணக்கில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு இந்த நோயாம், பலருக்கு இருப்பதே தெரியாதாம், கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி சொன்னாள். உனக்கு முப்பத்து மூன்று. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் செலவு. ஜொகூர் பாருவில் கிளினிக் இல்லை என்று மட்டும் சொல்லாதே.

என் கதையும் கேள். தோட்டத்து லயவீட்டைக் காலி பண்ணிவிட்டு இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்த புதிதில் நான் டிவியோடுதான் பேசினேன். லயத்தில் ரசம் கொதித்தால் நாலு வீட்டுக்குத் தெரியும். இங்கே செத்தால்கூடத் தெரியாது. இரத்த அழுத்தம் ஏறியது. எதிர்வீட்டுச் சீனத்தி ஒரு நாள் காலையில் வாசலில் நின்று, வா என்று கையைக் காட்டினாள். இப்போது நாங்கள் நாலு பேர் திடலைச் சுற்றி நடக்கிறோம். நடப்பதைவிடப் பேச்சுதான் அதிகம், அதுவும் பாதி மலாய், பாதி சைகை. மாத்திரை குறைந்ததா என்றால் இல்லை. ஆனால் ராத்திரி தூக்கம் வருகிறது.

நீ பழகும் அந்தப் பெண் எனக்கு மாதம் ஒரு தடவையாவது போன் பண்ணுவாள், தீபாவளிக்குப் பிறகு பண்ணவில்லை. என்ன ஏது என்று நான் கேட்கவில்லை. நீ சொல்லும்போது சொல். உன்னோடு தோட்டத்துப் பள்ளியில் படித்த பையனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பார்த்தேன். "அவன் பிசி ஆன்ட்டி" என்றான், சிரித்துக்கொண்டே. எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவனுக்கு ஒரு போன் போடு.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த வண்டிச் சாவியைத் தூக்கி எங்கேயாவது வை. காசு குறைந்தால் என்னிடம் கேள். ஊழியர் சேமநிதிப் பணம் கொஞ்சம் தொடாமல் வைத்திருக்கிறேன். மகன் அம்மாவிடம் வாங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது.

முறுக்கில் ஓமம் கொஞ்சம் தூக்கலாகப் போட்டிருக்கிறேன், உன் வயிற்றுக்காக. பொங்கலுக்கு வரும்போது மறக்காமல் டப்பாவைக் கொண்டுவா. இவ்வளவு இறுக்கமாக மூடுகிற டப்பா இப்போதெல்லாம் கிடைப்பதில்லை.

அன்புடன்,
அம்மா