பையன் கையில் இருக்கிற பாட்டிலையும் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எந்தத் தின்பண்டத்தில், பானத்தில் எவ்வளவு சர்க்கரை, அதனால் என்ன கெடுதல் என்று மாணவர்களுக்குக் காட்டுகிற சர்க்கரைப் பலகையைப் பள்ளிகளில் வைக்க வேண்டும் என்று 2025 மே மாதம் சிபிஎஸ்இ சொன்னதைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பல் சொத்தை, உடல் பருமன், சர்க்கரை நோய் எல்லாம் அதில் இருந்தது, ஒன்று மட்டும் இல்லை: ஆண்களின் விந்தணுக் குறைவு. நான் பத்தொன்பது வருடமாக லேப் டெக்னீசியன், விந்தணுப் பரிசோதனையும் என் வேலையில் சேர்த்திதான், அதனால் கூச்சப்படாமல் எழுதுகிறேன்.

குழந்தையில்லை என்று வருகிற தம்பதிகளில் மனைவியின் ஃபைல் செங்கல் கனம் இருக்கும். ஸ்கேன், தைராய்டு, ஹார்மோன், நாலு டாக்டர் சீட்டு. கணவர் முதல் தடவை விந்துப் பரிசோதனைக்கு எங்களிடம் டப்பா வாங்கும்போது கல்யாணமாகி நாலைந்து வருடம் ஓடியிருக்கும், அதையும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு சுவரை ஒட்டியே நடப்பார். "என் பையனுக்கு எதுக்குங்க டெஸ்ட்டு" என்று வாசலில் அம்மா கேட்பார். குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது?

விந்தணு எண்ணிக்கை குறைய வெரிகோசீல் (விதைப்பை ரத்தக் குழாய் வீக்கம்), சிகரெட், காய்ச்சல் என்று பல காரணம் உண்டு. மைக்ராஸ்கோப்பில் பார்த்து இது கூல் டிரிங்ஸ் செய்த வேலை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் டென்மார்க்கில் ராணுவ உடல் தகுதித் தேர்வுக்கு வந்த 2,500-க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பார்த்து 2010-இல் வெளியான ஆய்வில், தினம் ஒரு லிட்டருக்கு மேல் கோலா குடித்தவர்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறைவாக இருந்தது. 2021-இல் அதே நாட்டில் இன்னொரு ஆய்வு, சர்க்கரை பானங்களைப் பற்றி, அதுவும் அதே பக்கம்தான் கை காட்டியது. அப்படிக் குடிக்கிறவர்கள் மற்ற சாப்பாட்டிலும் ஒழுங்காக இருப்பதில்லை, அதனால் முழுப் பழியையும் சர்க்கரை மேல் போட முடியாது, சரி. ஆனால் பயப்பட வேறு காரணமும் இருக்கிறது. அமெரிக்காவில் 14 முதல் 20 வயதுப் பையன்களைப் பரிசோதித்து 2013-இல் வெளியான ஆய்வில், குண்டாக இருந்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட பாதிதான் இருந்தது. வயிற்றில் சேருகிற கொழுப்பு ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றுகிறது என்பது மருத்துவம் படிக்கிறவர்களுக்குப் பாலபாடம்.

இதில் வயதுதான் எனக்கு உறுத்துகிறது. விந்தணு உருவாக சுமார் 74 நாள் ஆகும், அதனால் முப்பது வயதுக்காரர் இன்றைக்குப் பழக்கத்தை மாற்றினால் மூன்று மாதத்தில் ரிப்போர்ட் கொஞ்சம் தேறவும் வாய்ப்பிருக்கிறது. ஆனால் விந்தணுவைத் தாங்கி வளர்க்கிற செர்டோலி செல்கள் பருவ வயதோடு பெருகுவதை நிறுத்திவிடும், அப்போது இருக்கிற கணக்குதான் ஆயுசுக்கும். சர்க்கரை அந்தச் செல்லை நேராகக் கெடுக்கிறது என்று நான் சொல்லவில்லை, உடம்பு தன்னைக் கட்டிக்கொள்கிற நேரத்தில் அதோடு விளையாட வேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

என் பையன் பத்தாவது படிக்கிறான். டியூஷன் விட்டு வரும்போது கையில் 20 ரூபாய் பாட்டில், 250 மில்லி. எறும்பு ஊர்கிற மாதிரி இருந்த எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தேன், 100 மில்லியில் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை. ஒரு பாட்டிலிலேயே 25 கிராம் தாண்டிவிட்டது, ஒரு நாளைக்கே அதற்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்புறம் வீட்டில் காபிக்கு இரண்டு ஸ்பூன், கிரீம் பிஸ்கட். "வளர்ற பையன், சாப்பிடட்டும் விடு" என்கிறார் என் அம்மா.

சர்க்கரைப் பலகை எல்லாப் பள்ளிக்கும் வர வேண்டும், இந்த விஷயமும் அதில் ஒரு வரியாவது இருக்க வேண்டும். உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு வாரம் கணவன்மாருக்காகவும் எழுதுங்கள். அப்புறம், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகமான பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-லேயே விதி போட்டாயிற்று. போன வாரம் என் பையனின் பள்ளி வாசலிலிருந்து எதிர்க் கடை வரைக்கும் நடந்து எண்ணினேன், இருபத்தெட்டே காலடி. "என்ன சார், இடம் வாங்கப் போறீங்களா?" என்று கேட்டார் கடைக்காரர், ஃபிரிட்ஜைத் திறந்தபடியே.

ஒரு லேப் டெக்னீசியன்,
ஈரோடு மாவட்டம்