சும்மா இருக்கும்போது ஹேங் ஆன ஆறு சிஸ்டங்கள்: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள அண்ணன்மார்களே, அக்கா, தம்பி, வணக்கம்.

மாலை வகுப்பின் ஆறு கம்ப்யூட்டர்களும் பதினெட்டு நாளாக ஒரு தடவைகூட ஹேங் ஆகவில்லை. அதற்கு நீங்கள்தான் காரணம்.

முதல் நன்றி, ஒவ்வொரு ஹேங்கையும் நேரத்தோடு நோட்டில் குறித்து வைத்த தம்பிக்கு. வீடியோ எடிட்டிங்கில் ப்ராசஸர் முழு வேகத்தில் ஓடியபோது எதுவும் ஆகவில்லை. டீ இடைவேளையில் யாரும் தொடாதபோதுதான் சிஸ்டம் உறைந்தது. கோளாறு சூட்டில் இல்லை என்று அந்த நோட்டே காட்டிவிட்டது. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் வந்த ‘கெர்னல் பவர் 41’ சிஸ்டம் முறைப்படி அணையவில்லை என்பதை மட்டும்தான் சொல்லும். அதைப் பார்த்து யாரும் மதர்போர்டை மாற்றிவிட வேண்டாம்.

இரவெல்லாம் உட்கார்ந்து, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட்டிய அக்காவுக்கு நன்றி. ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கை அணைத்து நான்கு சுற்று, போட்டு நான்கு சுற்று. ஒரு பிழைகூட வராததால் ரேம் மீதிருந்த சந்தேகம் தீர்ந்தது.

எஸ்.பி. ரோட்டில் சர்வீஸ் பார்க்கும் அண்ணனுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். வேலை இல்லாதபோது ப்ராசஸர் சி6 என்ற ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய், மிகக் குறைந்த கரண்ட்தான் இழுக்கும். சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) பழையதாக இருந்தால், சிலவற்றுக்கு அவ்வளவு குறைந்த லோடில் 12 வோல்ட்டை நிலையாக வைக்க முடியாது. 2013இல் இன்டெல்லின் ஹாஸ்வெல் ப்ராசஸர்கள் வந்தபோதே இது பேசப்பட்டது: முன்பு 0.5 ஆம்பியர் குறைந்தபட்ச லோடு போதும் என்றிருந்த இடத்தில், 0.05 ஆம்பியரிலும் தாங்க வேண்டியதாயிற்று.

அவர் சொன்னபடி சிஸ்டம் ஆன் ஆகும்போதே டெலீட் கீயை அழுத்தி, மதர்போர்டின் அடிப்படை செட்டிங்குகள் இருக்கும் பயாஸுக்குள் போய், அட்வான்ஸ்ட், ஏஎம்டி சிபிஎஸ் மெனுவில் ‘பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்’ என்பதை ஆட்டோவிலிருந்து ‘டிபிகல் கரண்ட் ஐடில்’ ஆக்கினோம். இப்படி வைத்தால் கரண்ட் அவ்வளவு கீழே இறங்காது. சில போர்டுகளில் இது சிபியு காமன் ஆப்ஷன்ஸுக்குள் இருக்கும். சும்மா இருக்கும்போது சில வாட் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். இந்த உறக்க நிலைகளுக்கான ‘குளோபல் சி-ஸ்டேட்’டையே அணைத்தாலும் ஹேங் நிற்கலாம், ஆனால் எல்லாக் கோர்களும் விழித்தே இருந்து சூடு ஏறும், ஒரு கோர் மட்டும் ஓடும்போது கிடைக்கும் கூடுதல் வேகமும் (பூஸ்ட்) குறையலாம். கோர் வோல்டேஜை ஏற்றச் சொன்னவர்களும் உண்டு. எடுத்த எடுப்பில் அதில் கை வைக்க விடாமல் தடுத்ததற்காகவும் அண்ணனுக்கு நன்றி.

மாற்றும் முன் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னதும், ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், பிறகு இரண்டு நாள் காத்திருப்பு என்று பிடிவாதமாக நின்றதும் அவர்தான்.

நான்காவது சிஸ்டம் மட்டும் திரும்பத் திரும்ப ஆட்டோவுக்கே போனது. மாடிவீட்டு அண்ணன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது பயாஸ் செட்டிங்குகளை நினைவில் வைக்க உதவும் சிமோஸ் பேட்டரி 2.6 வோல்ட், புதியது 3க்கு மேல் காட்டும். புது சிஆர்2032 பேட்டரி ஒன்றைத் தன் கையிலிருந்தே கொடுத்தார். பயாஸ் அப்டேட் செய்தாலும் இந்த செட்டிங் அழிந்துபோகும், மறுபடி வைக்க வேண்டும். அப்டேட் நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடக்கூடும் என்பதால், அந்த மாலை யுபிஎஸ்ஸைத் தூக்கி வந்ததும் அவரே.

புது எஸ்எம்பிஎஸ் இரண்டு வந்திருக்கின்றன. ஐந்தாவது, ஆறாவது சிஸ்டங்களில் அவற்றை மாட்டி, செட்டிங்கை ஆட்டோவிலேயே விட்டுப் பார்க்கப்போகிறோம். தம்பி, நோட்டை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வந்துவிடு.

அன்புடன்,
கம்ப்யூட்டர் அறைப் பொறுப்பாளர்கள்