வாளியும் தாளும்

ஹரோ,
ஞாயிறு இரவு

அன்புள்ள மகள்,

உன் கந்தோரில் இந்த முறை ‘சில்ட்ரன் இன் நீட்’ என்கிற பிபிசியின் சிறுவர் நிதிக்குக் காசு சேர்க்கிற பொறுப்பை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அம்மா சொன்னா. போனில் சொன்னால் பாதி மறந்துபோவாய், அதனால் எழுதுகிறேன்.

நவம்பர் வெள்ளி இரவு பிபிசியில் ஆட்டமும் பாட்டும்தான் எல்லாருடைய கண்ணிலும் படும். ஆனால் திரையில் ஏறுகிற தொகைக்குள் பள்ளிக்கூடங்கள், கடைகள், கந்தோர்கள் முன்கூட்டியே சேர்த்த காசும் அடக்கம். 1927 நத்தார் நாளில் வானொலியில் ஐந்து நிமிட வேண்டுகோளாகத் தொடங்கிய வேலை இது. அன்று சேர்ந்தது 1,143 பவுண். நான்கு சிறுவர் அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 1980இல் அறிவிப்பாளர் டெர்ரி வோகன் முதலானோர் தொலைக்காட்சியில் மாலை முழுக்க நடத்தியபோது பத்து லட்சம் பவுணைத் தொட்டது. 1985இல் வந்த கண்கட்டுக் கரடி புட்சி உன் அயலூர்க்காரர் தெரியுமோ? லீட்ஸுக்கும் பிராட்ஃபோர்டுக்கும் நடுவில் இருக்கிற புட்சிதான் அதை வரைந்த ஜோஆனா லேனின் ஊர். ஊர்ப் பெயரையே கரடிக்கு வைத்துவிட்டா.

இனி வேலைக்கு வருவோம். ஆட்கள் தலையில் மாட்டுகிற கரடிக் காதுக்கும் காசு சேர்க்கிற வாளிக்கும் ஓடித் திரிவார்கள். நீ தாளைப் பிடித்துக்கொள். பத்துப் பவுண் வாளிக்குள் விழுந்தால் பத்துப் பவுண்தான். அதே பத்துப் பவுண் ஸ்பான்சர் தாளில், அதாவது காசு தருகிறவர்கள் பெயர் எழுதுகிற தாளில், ஒழுங்காகப் பதிவானால், வரி கட்டுகிறவர்களின் நன்கொடைக்கான கிஃப்ட் எய்ட் திட்டத்தில் அரசாங்கம் இரண்டரைப் பவுண் மேலே போடும். 200 பவுணுக்கு 50 பவுண் சும்மா வருகிறது. ஒரு வரி ஒழுங்காக எழுதாததால் மட்டும் இந்தக் காசு போவது எனக்கு எரிச்சலான விஷயம்.

ஒவ்வொரு வரியிலும் முழுப்பெயர், வீட்டு விலாசம், போஸ்ட் கோட், தொகை, காசு தந்த திகதி, கட்டத்தில் சரி அடையாளம் எல்லாம் இருக்க வேண்டும். கந்தோர் விலாசம் எழுதினால் செல்லாது. இந்தப் பிழைதான் அதிகம் நடக்கும், ஏனென்றால் எல்லாரும் மேசையில் இருந்தபடி எழுதுகிறார்கள். மேல்வரியைப் பார்த்து இரட்டைக் கோடு போட்டு ‘மேற்படி’ என்று விடுவதும் வேண்டாம். இன்னொன்று: முதல் தாள் நிரம்பியதும் வெள்ளைத் தாளை இணைக்கிறார்கள். ‘நான் வரி கட்டுகிறவர்’ என்கிற உறுதிமொழி வாசகம் ஒவ்வொரு தாளின் தலையிலும் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தத் தாள் வெறும் பெயர்ப் பட்டியல். பத்துப் பிரதி முன்கூட்டியே எடுத்து வை.

வருமான வரி கட்டாத ஆளை அடையாளம் போடச் சொல்லி வற்புறுத்தாதே. வருஷம் 12,570 பவுணுக்குக் கீழே உழைக்கிற பகுதிநேரப் பிள்ளைகள் உங்கள் கந்தோரிலும் இருப்பார்கள். அவர்கள் போட்டால் அந்த வித்தியாசத்தை வரிக் கந்தோர் அவர்களிடம்தான் கேட்கும். அதேபோல, வாளிக் காசை எண்ணி, உன் கார்டில் மொத்தமாகக் கட்டிவிட்டு உன் பெயரில் கிஃப்ட் எய்ட் போடாதே. அது உன் காசு இல்லை, பொய் உறுதிமொழி.

கேக், வடை விற்கிற காசுக்கும், குலுக்கல் சீட்டுக்கும் கிஃப்ட் எய்ட் கிடையாது. ஒரு பொருளையோ வாய்ப்பையோ வாங்குவது நன்கொடை ஆகாது. குலுக்கலை நிகழ்ச்சியோடு சேர்த்து வைத்தால் உரிமம் தேவையில்லை, ஆனால் சீட்டை அந்த இடத்தில், அந்த நேரத்தில்தான் விற்க வேண்டும். ஒரு வாரம் முன்பே மெயில் போட்டு விற்கத் தொடங்கினால் அது வேறு சட்டம். செலவுக்கு 100 பவுணுக்கு மேலும், பரிசுக்கு 500 பவுணுக்கு மேலும் குலுக்கலில் சேர்ந்த காசிலிருந்து எடுக்கக் கூடாது. வாளியோடு தெருவில் இறங்குகிற யோசனை இருந்தால் நகரசபை அனுமதி முதலில் வேண்டும். ரயில் நிலையம், கடை என்றால் அதன் உரிமையாளரிடம் கேள்.

சாப்பாட்டு மேசைக்கு ஒரு அட்டை எழுதி வை. இங்கே சட்டம் குறிப்பிடுகிற 14 ஒவ்வாமைப் பொருட்களில் கடுகும் எள்ளும் இருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் கச்சானையும் கஜுவையும் கேட்பார்கள், கடுகு ஒருவருக்கும் நினைவு வராது. பெருங்காயத் தூளில் பலவற்றில் கோதுமை மா கலந்திருக்கும். உழுந்து வடையில் கோதுமை இல்லை என்று நீ சொல்லுமுன் அந்தப் பெட்டியின் பின்பக்கத்தை வாசி.

எண்ணும்போது இரண்டு பேர் இருங்கள், இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். செலவுக்கென்று வாளியிலிருந்து ஒரு பென்ஸும் எடுக்க வேண்டாம், செலவை வேறாகக் கேள். வங்கிப் பையில் ஒரே வகை நாணயக் குற்றிதான் போட வேண்டும். ஒரு பவுண் 20, பைக்கு 175 கிராம். 20 பென்ஸ் 50, அதாவது 10 பவுண், 250 கிராம். 2 பென்ஸ் 50 என்றாலும் 1 பென்ஸ் 100 என்றாலும் ஒரு பவுண்தான், இரண்டும் 356 கிராம். சமையலறைத் தராசு போதும். ஒரு பவுண் பை 174 அல்லது 176 என்று காட்டினால் திரும்பக் கொட்டிப் பார், ஒரு யூரோக் குற்றியோ 2017இல் நிறுத்திய பழைய வட்டக் குற்றியோ உள்ளே ஒளிந்திருக்கும். வீட்டில் மிஞ்சிய வெளிநாட்டுக் காசுகளைக் கழித்துக்கட்ட வாளியைப் பாவிக்கிற ஆட்கள் எங்கும் உண்டு.

நீங்கள் சேர்க்கிற காசுக்கு ஈடாக நிர்வாகமும் தன் பங்குக்குப் போடுமா என்று இந்த வாரமே கேள். முடிந்த பிறகு கேட்டால் “அடுத்த வருஷம் பார்ப்போம்” என்பார்கள்.

“சேர்ந்த காசை ஏன் உடனே கொடுப்பதில்லை?” என்று யாராவது கேட்பார்கள். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து எங்கும் உள்ள சிறுவர் அமைப்புகள் விண்ணப்பிக்க, அதை ஆராய்ந்த பிறகு, தவணை தவணையாகத்தான் மானியம் போகும், சிலவற்றுக்கு மூன்று வருஷம் வரை. ஒரு இளைஞர் நிலையம் பயிற்றுநரை வேலைக்கு எடுக்க வேண்டுமென்றால் அடுத்த வருஷமும் சம்பளம் வரும் என்று தெரிய வேண்டாமா? ஆகவே எந்தத் திகதியில் பார்த்தாலும் கணக்கில் காசு இருக்கும்.

வியாழன் நாங்கள் வருகிறோம். வடையும் சட்னியும் அம்மா கொண்டு வருவா. சட்னிக்குக் கடுகு தாளிக்கவா, விடவா என்று கேட்கச் சொன்னா. பதில் போடு.

அன்புடன்,
அப்பா