45 நாள் சட்டம்: புகார் கொடுக்க வேண்டியவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிறு தொழில்களைப் பாதிக்கும் அண்மைக்காலத் தீர்ப்புகளையும் விதி மாற்றங்களையும் தொகுத்து நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். பெரிய கம்பெனிகளுக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுக்கும் சிறிய இன்ஜினியரிங் பட்டறை என்னுடையது. சரக்கை அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பவர்களின் பக்கத்திலிருந்து சில விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சட்டத்தில் குறை என்று சொல்ல மாட்டேன். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் (எம்எஸ்எம்இ) மேம்பாட்டுச் சட்டம், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. வங்கி விகிதம் 6.75 சதவீதமாக இருந்த 2024ஐ எடுத்துக்கொண்டால், ஒரு லட்ச ரூபாய் ஓராண்டு நின்றுபோனால் வட்டி மட்டும் 22,000 ரூபாயைத் தாண்டும். அந்த வட்டியைச் செலவுக் கணக்கில் காட்டி வருமான வரியைக் குறைக்கவும் முடியாது. ஆனாலும் எங்கள் வட்டாரத்தில் 90 நாள், 120 நாள் என்பதுதான் வழக்கம். கேட்டால், "எல்லாருக்கும் அப்படித்தான் கொடுக்கிறோம்" என்பார்கள்.

2023 நிதிச் சட்டத்தின் மூலம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு வந்தபோது இது மாறும் என்று மனதார நம்பினேன். குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டியும் கொடுக்காமல் வைத்திருக்கும் தொகையை, கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்டலாம் என்பது அதன் சாரம். 2024 மார்ச்சில் பழைய பாக்கிகள் சில திடீரென்று வந்து சேர்ந்தன, உண்மைதான். ஆனால் அந்தப் பிரிவைக் கவனமாகப் படித்துப் பாருங்கள். மே மாதம் கொடுத்த சரக்குக்கு மார்ச் 25இல் பணம் போட்டாலும் வாங்கியவருக்கு வரியில் ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை. அதே நிதியாண்டுக்குள் கொடுத்துவிட்டாரே! மார்ச் 31 அன்று பாக்கியாக நிற்கும் தொகையை மட்டும்தான் அந்தப் பிரிவு தொடுகிறது. அதனால் வருடத்துக்கு ஒருமுறை கணக்கை நேர் செய்துவிட்டு, ஏப்ரலிலிருந்து பழையபடி இழுத்தடிக்கிறார்கள். கூலி வாரா வாரம், மின்கட்டணம், ஜிஎஸ்டி என்று எங்கள் செலவுகள் எதுவும் மார்ச் வரை காத்திருப்பதில்லையே.

இன்னொன்றும் நடந்தது. உத்யம் எண்ணை (எம்எஸ்எம்இ நிறுவனமாக அரசிடம் பதிவு செய்ததற்கான எண்) பில்லில் போட வேண்டாம் என்று ஒரு வாடிக்கையாளர் என்னிடம் நேரடியாகவே சொன்னார். பதிவையே ரத்து செய்தால் ஆர்டர் தொடரும் என்று சொல்லப்பட்டவர்களையும் எனக்குத் தெரியும். உரிமையைத் தூக்கி எறிந்தால்தான் வேலை என்றால், அந்த உரிமை யாருக்காக?

சரி, வட்டியோடு பணத்தைக் கேட்டு வாங்க வழியே இல்லையா? இருக்கிறது. சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் உள்ள எம்எஸ்எம்இ கவுன்சில்களில், அதாவது பாக்கித் தகராறுகளைத் தீர்க்க இந்தச் சட்டத்தின் கீழ் அமைத்த குழுக்களில், புகார் செய்யலாம். 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் அந்தப் புகாரில் எதிர்த்தரப்பு யார்? அடுத்த மாத ஆர்டரை யார் தரப்போகிறாரோ அவரேதான். அதனால் உறவு முறிந்துபோன பிறகு, இனி இழக்க ஒன்றுமில்லை என்ற நிலையில்தான் பெரும்பாலும் அங்கே போகிறோம்.

அப்படிப் போனவர்களுக்கும் நீதிமன்றங்களில் காத்திருப்புதான். 2022இல் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல தீர்ப்பைச் சொன்னது. பர்ச்சேஸ் ஆர்டரில் தனி ஆர்பிட்ரேஷன் ஷரத்து (தகராறை நடுவர் வைத்துத் தீர்த்துக்கொள்வது) இருந்தாலும் கவுன்சிலுக்குப் போகத் தடையில்லை என்றது. ஆனால் ஒப்பந்தத்தின்போது எம்எஸ்எம்இ நிறுவனமாகப் பதிவு செய்திராதவருக்கு இந்தச் சட்டத்தின் பயன் கிடையாது என்பதையும் அதே தீர்ப்பு உறுதி செய்தது. 2021இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கிலும் இதே நிலைப்பாடுதான். பிறகு 2025 ஜனவரியில் என்பிசிசி வழக்கில் இரண்டு நீதிபதிகள், முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்ற கருத்துக்கு வந்து, விஷயத்தை மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பினார்கள். என்னைக் கேட்டால் அந்த இரண்டு நீதிபதிகள் சொன்னதுதான் நியாயம். லேத் ஓட்டுகிற ஒருவர் பதிவைப் பற்றி அறிந்துகொள்வதே முதல் பாக்கி விழுந்த பிறகுதான்.

அதே மாதம் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கார்ப்பரேஷன் வழக்கில் இன்னொரு கேள்வி ஐந்து நீதிபதிகளுக்குப் போனது. கவுன்சிலின் உத்தரவை எதிர்ப்பவர் 75 சதவீதத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் நீதிமன்றம் போக வேண்டும் என்பது சட்டத்தின் 19ஆவது பிரிவு. அதைக் கட்டாமல் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசு அமைப்பின் உத்தரவை எதிர்த்து நேரடியாகப் போடும் மனு) போட்டுத் தப்பிக்கலாமா என்பதுதான் பிரச்சினை. கூடாது என்று 2023இல் இந்தியா கிளைக்கால்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரிட் உரிமையை முழுக்க அடைத்துவிட முடியுமா என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த 75 சதவீதம்தான் சிறு நிறுவனத்தின் கையில் இருக்கும் ஒரே பிடி. அதுவும் போனால், வக்கீல் செலவுக்கு யாரிடம் பணம் அதிகம் இருக்கிறதோ அவரே ஜெயிப்பார்.

என் கோரிக்கை எளிமையானது. புகார் கொடுக்கும் சுமையை எங்கள் தலையிலிருந்து இறக்குங்கள். 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருக்கும் கம்பெனிகள், ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும், கம்பெனிகள் பதிவாளரிடம் எம்எஸ்எம்இ-1 படிவம் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 2019இலிருந்து விதி. யாருக்கு எவ்வளவு பாக்கி, ஏன் தாமதம் என்று கம்பெனியே அதில் எழுதித் தருகிறது. ஆக, கடனை ஒப்புக்கொண்ட ஆவணம் அரசின் கையிலேயே இருக்கிறது! அதை வைத்துக் கவுன்சில் தானாகவே நோட்டீஸ் அனுப்பினால் என்ன? புகார் சொன்னவர் என்று என் பெயர் அடிபடாது, பாக்கி வைத்த எல்லாக் கம்பெனிக்கும் ஒரே நாளில் நோட்டீஸ் போகும். கூட்டாண்மை, தனிநபர் நிறுவனங்களுக்கு அந்தப் படிவம் பொருந்தாது என்பது தெரியும். கம்பெனிகளிலிருந்து தொடங்கினாலே பாதி சுமை குறையும்.

250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் ட்ரெட்ஸ் தளத்தில் (சிறு நிறுவனங்கள் தங்கள் பில்லை வைத்து முன்கூட்டியே பணம் பெறும் ஆன்லைன் தளம்) சேர வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது, நல்லது. ஆனால் சேர்ந்த பிறகு எங்கள் பில்லை அங்கே ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்று யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. அப்புறம், 2025 ஏப்ரலிலிருந்து 100 கோடி விற்றுமுதல் வரை "சிறு" நிறுவனம்தான். எங்களைப் போன்ற குறு பட்டறைகளும் அவர்களும் ஒரே கவுன்சில் வரிசையில் நிற்கிறோம். குறு நிறுவனங்களின் வழக்குகளைத் தனியாகப் பிரித்து முதலில் எடுக்கலாம். அதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படும் என்று தோன்றவில்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கவுன்சிலிலும் எத்தனை வழக்குகள் 90 நாளைத் தாண்டி நிற்கின்றன என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு, உங்கள் வணிகப் பக்கத்தில் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு குறுந்தொழில் பட்டறை உரிமையாளர்