ஜார்ஜ்டவுன் கூட்டுப் பட்டறைக்கு உங்கள் பங்கு வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ்டவுனில் கைத்தொழில் செய்பவர்களுக்காக ஒரு கடைவீட்டை (கீழே கடை, மேலே வீடு) வாடகைக்கு எடுக்க இருக்கிறோம். அதற்காகத்தான் இந்த வேண்டுகோள்.

பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டது. 2000 பிறந்ததும் அதன் பாதுகாப்பு முழுதாகப் போயிற்று. தலைமுறை தலைமுறையாகச் சொற்ப வாடகையில் இருந்தவர்கள் சந்தை விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் வெளியேறினார்கள். 2008இல் யுனெஸ்கோ நம் ஊரை உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தது. பெருமைதான். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டு வெளிநாட்டு முதலும் வந்து இறங்கியது. கடைவீடுகள் தங்கும் விடுதிகளாகவும் நவீன காபிக்கடைகளாகவும் மாறின. பல இனத்தார் கலந்து வாழ்ந்த வணிக ஊர் என்பதால் கிடைத்த பட்டம், அந்த ஊர்க்காரர்களையே வெளியே தள்ளுகிறது. ஆர்மேனியன் தெருவில் 2012இல் வரைந்த சைக்கிள் ஓவியத்தின் முன் படமெடுக்க வரிசை நிற்கிறது. நிற்கட்டும். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர் அதே தெருவில் வாடகை கட்ட முடியுமா?

சீனக் கோவில்களுக்கான ஊதுபத்தியைக் கையால் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? சந்தனத் தூளோடு பசைத்தன்மையுள்ள மரப்பட்டைத் தூளைச் சேர்த்துப் பிசைந்து, மூங்கில் குச்சியில் அப்பி, சிறு பலகையால் ஓர் உருட்டு. அப்புறம் வெயிலில் காய வேண்டும். அடுக்குமாடி வீட்டில் இது நடக்காது. சொங்கோக் என்னும் மலாய்த் தொப்பி தைப்பவரை ஹரி ராயாவுக்கு (நோன்புப் பெருநாளுக்கு) முன் பள்ளிவாசல் பக்கம்தான் தேடுவார்கள். மாலை கட்டுபவருக்குக் கோவில் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இடம் போனால் தொழிலும் போச்சு. கண்டெய்னரில் வந்திறங்கும் சரக்கோடு விலையில் மோத முடியாது, இடத்தையாவது காப்பாற்றலாம்.

தமிழர்களுக்கென்று தனியாகச் செய்யக் கூடாதா என்று சிலர் கேட்டார்கள். குழுவிலும் இதைக் காரசாரமாகவே பேசினோம். ஆனால் நம் மாலைக்கடையில் சீனரும்தான் வாங்குகிறார்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகும் ரதத்தின் முன் தேங்காய் உடைப்பதில் அவர்கள் நம்மை எப்போதோ மிஞ்சிவிட்டார்கள்! அவரவர் இனத்துக்கென்று தனித்தனியாக வசூலித்தால், தனித்தனியாகத்தான் காலி செய்துகொண்டு போவோம்.

சரி, கணக்குக்கு வருவோம். மாத வாடகை 3,500 வெள்ளி (ரிங்கிட்), ஓராண்டுக்கு 42,000. மூன்று மாத முன்பணம் 10,500. பழைய மின்கம்பிகளை மாற்ற 7,500. ஆக மொத்தம் 60,000 வெள்ளி. கீழ்த்தளத்தில் ஊதுபத்தி, சொங்கோக், மாலை, பிரம்பு என நான்கு தொழில்களுக்கு இடம். மாடியில் வார இறுதியில் இளைஞர்களுக்குப் பயிற்சி. தொழில் செய்பவர்கள் தங்களால் முடிந்த வாடகையைக் கட்டுவார்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து செலவில் பாதியாவது அதில் தேறும் என்று நம்புகிறோம். மீதிக்கு உங்களிடம் மறுபடியும் வருவோம், இப்போதே சொல்லிவிடுகிறோம்.

10 வெள்ளியானாலும் சரி, பணமாக முடியாவிட்டால் மின்வேலை, தச்சுவேலை தெரிந்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுங்கள். பழைய தையல் இயந்திரம் இருந்தாலும் எடுத்துக்கொள்கிறோம். ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக் கொடுங்கள்.

நன்கொடையாளர் பெயரைச் சுவரில் பொறிக்கப் போவதில்லை. வரவு செலவை மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கிலும் மாதந்தோறும் பட்டறை வாசலில் ஒட்டுவோம். முத்திரையிட்ட ரசீது தராத யாரிடமும், எங்கள் பெயரைச் சொன்னாலும், பணம் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கூட்டுப் பட்டறைக் குழுவினர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு