ஐவரின் பெயர்

அன்புள்ள கதிருக்கு,

நண்பர்கள் நால்வரோடு நீ கட்டிய பாட்டை ஒரு நிறுவனம் வாங்க முன்வந்திருப்பதாகச் சொன்ன இரவு முதல், நான் 'டீன்ஏஜர்ஸ்' குழுவின் இசைத்தட்டையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்களும் உங்களைப் போல ஐந்து பேர். நியூயார்க்கின் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதிப் பள்ளிச் சிறுவர்கள். கறுப்பினப் பையன்கள் மூவரும் புவேர்த்தோ ரிக்கோ வழிவந்த இருவரும், வாத்தியம் வாங்க வசதியில்லாத பிள்ளைகள் தெருமுனையில் நின்று குரலையே வாத்தியமாக்கிய 'டூ-வாப்' காலத்தில் ஒன்றுசேர்ந்தார்கள்.

1956 தொடக்கத்தில் வெளிவந்த 'ஒய் டு ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' அமெரிக்கப் பட்டியலில் 6-ஆம் இடத்தையும் பிரிட்டனில் முதலிடத்தையும் பிடித்தது. முன்னணிக் குரலான ஃபிராங்கி லைமனுக்கு அப்போது வயது 13. உலகம் அந்தக் குரலைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கோ, அவன் வாய் திறக்கும் முன்பே பொருளற்ற அசைகளால் தாளம் போட்டுப் பாட்டைத் தொடங்கிவைக்கும், ஐவரில் ஒருவனான ஷெர்மன் கார்ன்ஸின் அடிக்குரல் இல்லாமல் அந்தப் பாட்டே இல்லை.

1957-லேயே லைமனைத் தனிப்பாடகனாகப் பிரித்தார்கள். அதன்பின் அவனுக்கும் பெரிய வெற்றி கிடைக்கவில்லை, குழுவுக்கும் கிடைக்கவில்லை. 1968-இல், 25 வயதில், ஹெராயின் அவன் உயிரைக் குடித்தது. இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது, கண்ணா. அவனும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே.

ஆனால் நான் உனக்குச் சொல்ல வந்தது பாட்டின் உரிமையைப் பற்றி. பாட்டை எழுதியவர்களாக லைமனோடு தயாரிப்பாளர் ஜார்ஜ் கோல்ட்னரின் பெயரும், பின்னர் அவருக்குப் பதிலாக இசைத்தட்டு நிறுவன முதலாளி மோரிஸ் லெவியின் பெயரும் பதிவேட்டில் நின்றன. பாட்டை இயற்றியதில் தங்களுக்குப் பங்குண்டு என்று குழுவின் ஹெர்மன் சான்டியாகோவும் ஜிம்மி மெர்ச்சன்ட்டும் தொடுத்த வழக்கில், 1992-இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. ஆயினும் உரிமை கோர வேண்டிய 3 ஆண்டுக் கெடு என்றோ கடந்துவிட்டது என்று 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது.

ஆகையால் கையெழுத்திடும் முன், யார் எந்தப் பகுதியை உருவாக்கினீர்கள் என்று ஐவருமாக உட்கார்ந்து ஒரு தாளில் எழுதித் தேதியிட்டு, ஒரு படியை எனக்கு அனுப்பு. நீ அனுப்பிய பதிவின் தொடக்கத்தில் மெல்ல முனகிக்கொண்டு இறங்கும் அந்த அடிக்குரல் யாருடையது என்று நீ சொல்லவேயில்லை. அந்தப் பிள்ளையின் பெயரை முதலில் எழுது.

அன்புடன்,
அம்மா