கதான்ஸ்க்கின் மரச் சக்கரங்கள்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் போலந்தின் கதான்ஸ்க் துறைமுக நகரம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939 செப்டம்பர் 1 அன்று அந்நகரின் வெஸ்டர்பிளாட்டே தீபகற்பத்தில் விழுந்த குண்டுகளை விரிவாகச் சொன்ன கட்டுரையாளர், துறைமுகத் தொழிலாளர்களை ஒரே வரியில் முடித்துவிட்டது வருத்தமாக இருந்தது. 1980 ஆகஸ்டில் அங்குள்ள கப்பல் கட்டும் தளத்தில் நடந்த வேலைநிறுத்தம்தானே ‘சாலிடாரிட்டி’ தொழிற்சங்கத்தைப் பெற்றெடுத்தது!

மோட்வாவா ஆற்றங்கரையில் நிற்கும் 15-ஆம் நூற்றாண்டுப் பளுதூக்கி இயந்திரத்தை நேரில் பார்த்திருக்கிறேன். ஆள் உயரத்தைத் தாண்டிய மரச் சக்கரங்கள். அவற்றுக்குள் மனிதர்கள் செக்குமாடு போல நடந்து நடந்துதான் சரக்கைத் தூக்கினார்கள். அண்ணாந்து பார்த்தபோது எனக்குக் கால் வலித்தது போலிருந்தது.

அவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அப்புறம், 1970 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட தொழிலாளர்களுக்காகக் கப்பல் தள வாயிலருகே எழுப்பிய மூன்று சிலுவைகளின் படத்தையும் அதில் போடுங்கள்.